ஆறாத நரம்பு வலியோடு வாழ்தலும் நிலைத்த நிவாரணம் தேடுதலும்: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு ஆண்டுகளாக என் இரு பாதங்களிலும் நரம்பு வலி இருந்துவருகிறது. அவற்றில் முதல் மூன்று ஆண்டுகளை நான் வீணாக்கினேன். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு அருகே இருந்த ஒரு மருத்துவர், "நரம்புத் தளர்ச்சிதான், பத்து ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்றார். பத்தும் போட்டுக்கொண்டேன். பிறகு மெடிக்கல் ஷாப்பில் நானாகவே கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை ஓராண்டுக்கும் மேலாக விழுங்கினேன். எரிச்சல் குறையவில்லை, சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் ஏறியதுதான் மிச்சம். எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், இந்த ஊரில் எங்கே போகலாம் என்பதை அன்றைக்கு யாராவது வரிசைப்படுத்திச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த மூன்று ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. மருந்தையும் அதன் அளவையும் தீர்மானிக்க வேண்டியவர் உங்களை நேரில் சோதித்துப் பார்க்கும் மருத்துவர்தான். ஆனால் அவர் முன்னால் போய் உட்காருவதற்கு முன்பும் பின்பும் நாம் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதற்படி: இது நரம்பு வலிதானா?

சுளுக்கிலும் மூட்டுத் தேய்மானத்திலும் அடிபட்ட இடத்திலிருந்து செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது. அங்கே நரம்பு வெறும் தூதுவன். நரம்பு வலியில் அந்தத் தூதுவனுக்கே அடிபட்டிருக்கிறது. ஆகவே காலில் காயம் எதுவும் இல்லாதபோதும், காயம் பட்டதாக நரம்பு தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். இதன் குணங்கள் தனியானவை: மிளகாய்ப் பொடி பூசியது போன்ற எரிச்சல், ஷாக் அடித்தது போலச் சுரீரென்று ஓடும் வலி, ஊசிக் குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மதமதப்பு. மரத்துப்போன காலில் எப்படி வலி இருக்க முடியும் என்று வீட்டார் கேட்பார்கள். வெளியிலிருந்து வரும் தொடுதலை எடுத்துச்செல்லும் திறனை நரம்பு இழந்திருக்கலாம். அதே நரம்பு உள்ளிருந்து பொய்ச் செய்தியை அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே காலில் ஒரே நேரத்தில் நடப்பதுண்டு. போர்வையின் ஓரம் பட்டால்கூட வலிப்பது மற்றோர் அடையாளம். பெரும்பாலோர்க்கு இரவில்தான் கூடும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்று மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது, பலவீனம் கால்களிலிருந்து தொடங்கிச் சில நாள்களுக்குள் மேலேறுவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.

இரண்டாம் படி: நரம்புக்கு என்ன நேர்ந்தது?

"எப்போது சரியாகும்?" என்று கேட்பதற்கு முன், "என் நரம்புக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்க வேண்டும். நிலைத்த நிவாரணம் கிடைக்குமா, எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பது முழுக்க முழுக்க இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தது. என் மனத்தில் இதை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறேன்: நெருக்குண்ட நரம்பு, பட்டினி கிடக்கும் நரம்பு, நஞ்சேறிய நரம்பு, வடுப்பட்ட நரம்பு.

நெருக்குண்ட நரம்புக்குத்தான் நம்பிக்கை மிகுதி. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகிறவர்களுக்கு, இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதும், அது போதாதபோது சிறிய அறுவை சிகிச்சையும் நல்ல பலன் தருகின்றன. முதுகெலும்புத் தட்டு பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலி, பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தணிந்துவிடுகிறது. முகத்தில் மின்னல் வெட்டினாற்போல் வரும் முக்கிளை நரம்பு வலியில் பல சமயம் ஓர் இரத்தக்குழாய் நரம்பின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். கார்பமசெபின் மாத்திரை கேட்காதபோது அந்தக் குழாயை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இந்த வலியைப் பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பட்டினி கிடக்கும் நரம்பு என்பது பெரும்பாலும் வைட்டமின் பி12 குறைவு. சைவ உணவு உண்பவர்கள், சர்க்கரைக்காக மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போடுபவர்கள் ஆகிய மூவரும் இந்த அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றும் பொருந்தின. ஒரு முக்கியமான செய்தி: ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்பே இரத்தம் கொடுத்துவிட வேண்டும், போட்ட பிறகு பார்த்தால் அளவு உயர்ந்து தெரியும், உண்மையில் குறைவு இருந்ததா என்பது தெரியாமலேயே போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதேபோல், நரம்புச் சத்து மாத்திரை என்று விற்கப்படுபவை பலவற்றில் வைட்டமின் பி6 இருக்கிறது. அதை மிகுந்த அளவில் நெடுங்காலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நஞ்சேறிய நரம்பில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு. நம் ஊரில் பாத எரிச்சலோடு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது நரம்பு மேலும் கெடாமல் காக்கும் வழி. ஏற்கெனவே கெட்டது முழுவதும் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பயந்துபோய்ச் சோற்றை அறவே நிறுத்தி, மூன்று மாதத்தில் எச்பிஏ1சியை, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவை, தடாலடியாக இறக்குவதும் ஆபத்து. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது சிலருக்குப் புதிதாகக் கடும் நரம்பு வலி தொடங்குவதுண்டு. மது, சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் ஆகியவையும் இந்த வகையில் சேரும். உணர்ச்சியற்ற தேமல் ஏதாவது தோலில் இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். அது நரம்பைக் கெடுக்கும் தொழுநோயாக இருக்கலாம், அதற்கு முழுமையான மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

வடுப்பட்ட நரம்புக்கு எடுத்துக்காட்டு, அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலி. என் பெரியம்மாவுக்கு 71 வயதில் இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி காவி குழைத்து அக்கி எழுதினார்கள். நான்கு நாள் கழித்தே மருத்துவமனைக்குப் போனோம். அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொப்புளம் உலர்ந்துவிட்டது, வலி நிற்கவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே துடித்தார். பெரியப்பாவின் பழைய வேட்டியை, பல வருடத் துவைப்பில் மல்லிகை இதழ்போல் மென்மையாகிவிட்ட அந்த வேட்டியை, இரண்டாகக் கிழித்து மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் ஓராண்டைக் கழித்தார். அக்கி எழுதுகிறவர் எழுதட்டும்; ஆனால் மருத்துவரிடம் அதே நாளில் போய்விடுங்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலை அதிகம். இயன்றவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.

அடிப்படைச் சோதனைகள் அதிகமில்லை: சர்க்கரை, எச்பிஏ1சி, பி12, தைராய்டு, கிரியேட்டினின், முழு இரத்த எண்ணிக்கை. மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், இசைக்கவையை விரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டும் பார்ப்பார். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே காட்டும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் அந்தச் சோதனை இயல்பாகவே வரலாம். "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் மனம் உடைந்துவிட வேண்டாம். மெல்லிய இழைகளைப் பற்றிக் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு நம்மிடம் செலவிடச் சில நிமிடங்களே உண்டு. "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவரால் எதையும் முடிவுசெய்ய இயலாது. என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "இரவு 11.40. இடது பெருவிரலும் உள்ளங்காலும். எரிச்சல் 7. மாலை ரங்கநாதன் தெருவில் ஒன்றரை மணி நேரம் நின்றது காரணமோ? மின்விசிறிக் காற்றில் 5க்கு இறங்கியது. தூங்கியது 2 மணிக்கு." வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண், இடம், எப்படிப்பட்ட வலி, தூக்கம், அன்று எடுத்த மாத்திரை, அன்று செய்ய முடிந்த ஒரு வேலை, இவ்வளவு போதும். நோட்டின் முதல் பக்கத்தில் இதுவரை எடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தியது என்பதை எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான், நான் மூன்றாவதாகச் சந்தித்த மருத்துவர், "நீங்கள் மூன்று மருந்து எடுத்திருக்கிறீர்கள், ஒன்றைக்கூடப் போதுமான அளவில் போதுமான நாள் எடுக்கவில்லை" என்றார்.

நான்காம் படி: எங்கே போவது

நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகத் தேவையில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப மருத்துவரிடமோ அடிப்படைச் சோதனைகளை முடித்துக்கொண்டு, காரணம் தெளிவாகாவிட்டால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவுகள் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். நரம்பியல் மருத்துவர் வேறு, நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர் வேறு. வலி சிகிச்சைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள், பெரும்பாலும் மயக்கவியல் மருத்துவர்கள், வேறு. மருந்து ஆறு மாதங்களில் பலன் தராதபோது இந்தக் கடைசி வகையினரைத் தேடிச்செல்லலாம். நரம்பைச் சுற்றி ஊசி போடுவதிலிருந்து தண்டுவடத்தருகே மின்முனை பொருத்துவதுவரை அவர்களிடம் வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முன் "எத்தனை மாதம் பலன் நிற்கும், மொத்தச் செலவு என்ன" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நடமாட இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது.

சித்த மருத்துவத்தை நாடுகிறவர்கள் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ போகலாம்; இரு இடத்து மருந்துச் சீட்டுகளையும் இரு மருத்துவர்களிடமும் காட்ட வேண்டும். சுவரொட்டியிலும் வாட்ஸ்அப்பிலும் "நிரந்தரத் தீர்வு" என்று வரும் பெயரில்லாப் பொடிகளைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டோ கன உலோகமோ கலந்திருந்தால், முதல் மாதம் கிடைக்கும் நிம்மதிக்குச் சிறுநீரகம் விலை கொடுக்கும்.

ஐந்தாம் படி: மருந்தை மருந்தாக எடுத்தல்

பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. இதற்கு முதல் வரிசையில் தரப்படுபவை அமிட்ரிப்டைலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், காபாபென்டின். சீட்டைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு மனநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டார், வலிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டார்" என்று பதறி நிறுத்துகிறவர்கள் பலர். நானும் ஒருமுறை அப்படி நிறுத்தினேன். அவை அந்த நோய்களுக்கும் பயன்படுபவைதான். தறிகெட்டுச் செய்தி அனுப்பும் நரம்பை அமைதிப்படுத்துவதும், வலியைத் தடுக்க மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளையை வலுப்படுத்துவதுமே இங்கே அவற்றின் வேலை.

எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரு நல்ல விடை உண்டு. பிரிட்டனில் சர்க்கரை நோயால் நரம்பு வலி வந்த 130 பேரிடம் நடந்து, 2022இல் வெளியான ஆய்வொன்றில், அமிட்ரிப்டைலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் கிடைத்த நிவாரணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. ஆகவே தேர்வு, உங்கள் உடலின் பிற நிலைமைகளைப் பொறுத்தது. கண்ணில் நீர் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டைலின் ஆகாமல் போகலாம். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் பிரிகாபலின், காபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும். இவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

குறைந்த அளவில் தொடங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். முதல் பத்து நாள் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் இருக்கும். அந்த நாள்களில் வண்டி ஓட்டக் கூடாது, முதியவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விளக்கைப் போட்டுக்கொண்டே எழ வேண்டும். தாங்கக்கூடிய முழு அளவை எட்டிய பிறகும் நான்கு வாரமாவது பார்த்த பின்னரே "கேட்கவில்லை" என்ற முடிவுக்கு வரலாம். வலி குறைந்துவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது, இறக்குவதும் படிப்படியாகத்தான். கார்பமசெபின் எடுக்கும்போது தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரிகாபலினைச் சிலர் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவதால் கடைக்காரர்கள் சீட்டை வற்புறுத்துவார்கள், அது சரியே. செலவைக் குறைக்க மக்கள் மருந்தகங்களிலும் 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள்.

எவ்வளவு குறைந்தால் வெற்றி? எட்டு என்பது நான்கானால் மருத்துவ உலகில் அது மிக நல்ல பலன். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே வாழ்க்கை மாறுகிறது.

ஆறாம் படி: பாதமும் இரவும்

உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சென்னை எளிய ஊர் இல்லை. கோடை நண்பகலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டவர்கள் உண்டு. பிரதட்சிணத்தைக் காலை ஆறு மணிக்கோ சூரியன் சாய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் நீரில் இறங்குவதைத் தவிருங்கள். இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு அணிய வேண்டும். எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடமோ பனிக்கட்டியோ வேண்டாம். சூட்டின் அளவு அந்தக் காலுக்குத் தெரியாது.

இரவில் போர்வை படுவது தாங்கவில்லையென்றால், ஓர் அட்டைப்பெட்டியின் இரு பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் கவிழ்த்து, பாதங்களை அதனுள் நீட்டி, போர்வையைப் பெட்டியின்மேல் விரியுங்கள். மிக்சி வந்த பெட்டியில் நான் செய்த கூடாரம் இரண்டு ஆண்டு உழைத்தது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும் என்பதால் தூக்கத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவரிடம் பேசுங்கள். வலிக்கும் இடத்தைத் தேய்த்தால் இதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: தொடுதலின் செய்தி தண்டுவடத்தில் வலியின் செய்திக்குக் கதவைச் சாத்துகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் விளக்கினார்கள். துணி பட்டாலே வலிக்கும் இடத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

ஏழாம் படி: நடை

வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது நம் எல்லோருடைய வழக்கம். அதை மாற்றக் கடிகாரத்தை நம்ப வேண்டும். எனக்குப் பதினைந்து நிமிட நடையில் வலி ஏறியது, ஆகவே தி. நகர் நடேசன் பூங்காவில் பத்து நிமிடத்தில் தொடங்கினேன். நன்றாக இருந்த நாளிலும் பத்துதான், மோசமான நாளிலும் இயன்றவரை பத்துதான். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினேன். முப்பதை எட்ட ஐந்து மாதம் ஆனது. பாதத்தில் புண் இருந்தால் மட்டும் நடை கூடாது; நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது

"பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்ற கேள்வி இந்த நோயின் இன்னொரு வலி. கட்டில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. பிறகு எப்படி நம்புவார்கள்? நானும் என் மனைவியும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். விவரிக்க மாட்டேன், எண்ணை மட்டும் சொல்வேன். "இன்னிக்கு ஏழு" என்றால் கடைக்குப் போகும் வேலை அவளுடையது; "இன்னிக்கு மூணு" என்றால் என்னுடையது. அதன்பிறகு எங்களுக்குள் அந்தச் சண்டை வரவில்லை. நெடுநாள் வலியோடு மனச்சோர்வு சேர்ந்துகொள்வது மிக இயல்பு. அதற்கும் சிகிச்சை தேவை. எதற்கு இந்த உயிர் என்று தோன்றத் தொடங்கினால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பொறுமைக்கும் ஓர் அளவு இருக்கிறது. நசுங்கிய அல்லது காயம்பட்ட நரம்பு, தடை நீங்கிய பிறகு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. முழங்காலருகே கெட்ட நரம்பு விரல் நுனிவரை வளர்ந்துவர ஓராண்டுக்கும் மேல் ஆகும். ஆகவே மூன்றாம் மாதத்தில் எதையும் கைவிட வேண்டாம். என் நோட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, அந்த மாதத்தின் இரவு எண்களைக் கூட்டிச் சராசரி பார்க்கிறேன். தொடக்கத்தில் 7, இப்போது 3. சென்ற தை மாதம் மருத்துவர் பிரிகாபலினை ஒரு படி குறைத்தார், சராசரி ஏறவில்லை. அடுத்த படியை ஆடியில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.